கூடு கழித்த குளிசை

வாய்க்குள் போட்ட குளிசையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் சோமசேகரம் குசினி வாசலில் நின்றார். ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு. மற்றக் கை 'பொறு' என்று மச்சானை நோக்கி நீண்டிருந்தது.

அவரை அப்படி நிறுத்தி வைத்தது மச்சான் கதிரவேலு சொன்ன ஒரேயொரு வசனம்.

"அத்தான், உந்தக் குளிசைக் கூடு மாட்டெலும்பிலைதான் செய்யிறவங்களாம். போனிலை பாத்தனான்."

கதிரவேலு, சோமசேகரத்தின் மனைவி குணலட்சுமியின் தம்பி. அடுத்த ஒழுங்கையில் வீடு. வந்தால் நேரே சாமியறைக்குப் போய்த் திருநீறு அள்ளி மூன்று குறி இழுத்து, ஒரு கிள்ளு வாயிலும் போட்டுக்கொண்டுதான் ஆட்களோடு கதைப்பான். பக்தியான பிள்ளை. பக்தியான வாயிலிருந்து வந்த செய்தியை நம்பாமல் விட சோமசேகரத்துக்கு வழியில்லை.

அதுவும் எந்தக் காலத்தில்! ஊர் அம்மன் கோயிலில் கொடியேறியிருந்தது. கொடியேறினால் தீர்த்தம் முடியும்வரை அந்த வீட்டில் மீன் என்ற சொல்லே புழங்காது. மச்சச் சட்டிகள் பின்பக்கக் கொட்டிலுக்குப் போய்விடும். சங்கக்கடை மனேச்சரான சோமசேகரம், கடைக்கு வரும் பிஸ்கற் பெட்டியைக்கூடத் திருப்பிப் பிடித்து, முட்டை கலந்திருக்கிறதா என்று வாசித்த பிறகுதான் வாயில் வைப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் இரண்டு நாளாக மாட்டெலும்பை விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"த்தூ!"

குளிசை முற்றத்தில் போய் விழுந்தது. கோழி ஒன்று ஓடிவந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போய்விட்டது.

"இப்ப ஏன் துப்பினீங்கள்?" என்றாள் குணலட்சுமி. "டொக்ரர் என்ன சொல்லி விட்டவ?"

டொக்ரர் கோபிகா நிறையச் சொல்லித்தான் விட்டிருந்தார். கொடியேற்றத்துக்கு முதல்நாள் கோயில் வீதி துப்புரவாக்கும்போது முள்ளுக்கம்பி கணைக்காலைக் கீறிவிட்டது. சும்மா கீறல்தானே என்று விட்டதில் கால் சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டது. மானிப்பாயில் டொக்ரரிடம் போனார்கள்.

"மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாமல் வந்திருக்கோ ஐயா?" என்று டொக்ரர் கேட்டார்.

"மருந்து ஒண்டுமில்லை டொக்ரர். கத்தரிக்காய்தான் கிரந்தி."

டொக்ரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊசி போட்டு, குளிசையும் எழுதித் தந்தார். "இது கிருமித் தொற்று. நேரம் தவறாமல் போடவேணும். நோ குறைஞ்சிட்டுது, வீக்கம் வத்திட்டுது எண்டு இடையிலை விடக்கூடாது. தந்தது முடியுமட்டும் போடுங்கோ. ஏதும் சந்தேகமெண்டால் கோல் எடுங்கோ."

"தேருக்கு முதல் மாறுமோ டொக்ரர்?"

"ஒழுங்காப் போட்டால் மாறும்."

சோமசேகரத்துக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான். தேரை இழுக்க ஊரே திரண்டு வரும். தேரை நிறுத்த ஓர் ஆள்தான். உருண்டு வருகிற பெரிய சில்லுக்கு அடியில், சரியான நேரத்தில், சரியான கோணத்தில் மரக்கட்டையைப் போட்டுவிட்டுத் துள்ளி விலகுகிற ஆள். மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அந்த ஆள் சோமசேகரம்தான். கடையில் அவரை ஒருவரும் மதிப்பதில்லை; பருப்புக்குள் கல் கிடந்தாலும் அவருக்குத்தான் ஏச்சு. தேரன்று மட்டும், அவர் கையைத் தூக்கினால் அம்மனே நிற்பாள்.

அவருக்குப் பின்னால் உதவிக் கட்டையோடு பல வருடமாகக் காத்து நிற்பவன் கதிரவேலு. கெட்ட எண்ணமில்லாதவன். ஆனால் அத்தான் எப்போதாவது சறுக்கினால் தான் தயார் என்பது அவன் முகத்திலேயே எழுதியிருக்கும். கோயில் நிர்வாகத்திலும், "கால் சரியில்லையெண்டால் கதிரவேலு போடட்டும்" என்று கதை அடிபடத் தொடங்கியிருந்தது. அந்தக் கதை கால் நோவைவிடக் கூடுதலாக நொந்தது.

"டொக்ரருக்குக் கோல் எடுத்துக் கேளுங்கோவன்," என்றாள் குணலட்சுமி.

"என்னெண்டு கேக்கிறது? 'பிள்ளை, நீர் தந்தது மாடோ' எண்டோ? படிச்ச பிள்ளை, விசரன் எண்டெல்லோ நினைக்கும்!"

கதிரவேலு உடனே உதவிக்கு வந்தான். "அத்தான், போன வருசம் பல்லு வீங்கேக்கை எனக்குத் தந்த குளிசையிலை மிச்சம் கிடக்கு. அது கூடில்லாதது. கொண்டு வரட்டே?"

"உன்ரை பல்லுக்குத் தந்தது அவற்றை காலுக்கு என்னத்துக்கு?" என்று குணலட்சுமி பாய்ந்தாள். "அதோடை, தந்தது எப்பிடி மிச்சம் வந்தது? முடிக்கச் சொல்லித்தானே தந்திருப்பினம்?"

கதிரவேலுக்கு அவசரமாக வேறெங்கோ வேலை வந்துவிட்டது.

அன்றிரவு சோமசேகரம் குளிசை போடவில்லை. விடிய எழும்பிக் காலைப் பார்த்தார். வடிந்துகொண்டிருந்த சிவப்பு நின்ற இடத்திலேயே நின்று முறைத்தது. அவருக்குப் பயம் பிடித்தது. கால் போனால் கட்டை போகும். மாடு போனால் விரதம் போகும். பல் தீட்டிக்கொண்டிருக்கும்போதுதான் யோசனை பிறந்தது.

"குணம்! கூடுதானே மாடு? உள்ளுக்கை இருக்கிறது மருந்துதானே?"

"டொக்ரர் கூட்டோடை விழுங்கத்தானே சொன்னவ?"

"கூடு எண்டது உடுப்பு. உடுப்பைக் கழட்டினால் ஆள் மாறுமே?"

வீட்டு மண்டபத்தில் உட்கார்ந்து, குளிசையின் இரண்டு நுனியையும் பிடித்து இழுத்தார். அது திறந்துகொண்டதும் தலைக்கு மேல் சுற்றிய காற்றாடி தன் பங்கை எடுத்துக்கொண்டது. பாதித் தூள் மீசையில், மீதி சங்கக்கடைக் கணக்குப் புத்தகத்தில். மீசையை நக்கிப் பார்த்தார். வேப்பங்காய்க்கு மூத்த தமையன் போல ஒரு கசப்பு. கண்ணால் தண்ணீர் வந்தது.

சோமசேகரம் தளரவில்லை. வீட்டில் காற்றாடி இல்லாத ஒரே இடம் சாமியறை. ஒவ்வொரு நேரமும் உடைக்கிற கரைச்சல் எதற்கு என்று மிச்சக் குளிசை முழுவதையும் அங்கே உட்கார்ந்து ஒரேயடியாக உடைத்தார். தூளைக் கொட்டி வைக்க மூடியுள்ள ஏதனம் கேட்டார். கலியாணத்துக்கு வந்த வெள்ளிச் சிமிழ்ச் சோடியில், திருநீற்றுக்கு ஒன்று போகச் சும்மா கிடந்ததைக் குணலட்சுமி முணுமுணுத்தபடி எடுத்துக் கொடுத்தாள். கூடுகளைக் கடதாசியில் சுற்றி, கோயில் இல்லாத திசையாகப் பார்த்துக் குழி தோண்டித் தாட்டார்.

இனி நேரத்துக்கு ஒரு சின்னக் கரண்டி. முதல் நாள் அவர் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் குணலட்சுமியே தேன் போத்தலை எடுத்து வந்தாள்.

"இதுக்கை குழைச்சுச் சாப்பிடுங்கோ. வன்னித் தேன்."

தேனும் சேர்ந்து கசந்தது. ஆனால் மனிதர் விடவில்லை. ஒரு நேரம் தவறவில்லை. திருவிழாவுக்கு வருகிற சனத்தை எண்ணிக் குணலட்சுமி வீட்டைக் கூட்டிக் கழுவி, குத்துவிளக்கிலிருந்து செம்பு, தட்டம், சிமிழ்ச் சோடி வரைக்கும் புளி போட்டு மினுக்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சரிந்த அன்றும்கூட, அவர் தானே போய்க் கரண்டியும் தேனுமாக மருந்தை எடுத்தார். அன்று கசப்புக் குறைந்த மாதிரி இருந்தது. அடுத்த நாள் அறவே இல்லை.

"தேனெண்டால் இது தேன்!" என்றார். "மருந்து போன இடமே தெரியேல்லை. கடையிலை விக்கிறது வெறும் சீனிப்பாணி."

கசப்பில்லாமல் போனதும் உற்சாகம் வந்துவிட்டது. அவசரப்படாமல், சப்புக்கொட்டி, கரண்டியையும் வழித்து நக்கினார். வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் வன்னித் தேனின் மகிமையைச் சொன்னார்.

கால்தான் மகிமையைக் கேட்கவில்லை. வற்றின வீக்கம் திரும்பவும் எழும்பியது. சிவப்பு கணைக்காலிலிருந்து மேலே ஊர்ந்தது. சோமசேகரம் வேட்டியை இறக்கிக் கட்டினார். நொண்டுவதை மறைக்க ஆறுதலாக, அடிமேல் அடி வைத்து நடந்தார். அது பக்தி என்று சனம் நினைத்தது. பின்னேரம் கோயிலடிக்குப் போனால், அங்கே கதிரவேலு யாருடையதோ லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் சில்லை உருட்டவிட்டு அதற்குக் கட்டை போட்டுப் பழகிக்கொண்டிருந்தான்.

"சும்மா அத்தான்," என்றான். "உடம்புக்கு நல்லதாம்."

அன்றிரவு சோமசேகரத்துக்கு உடம்பு காய்ந்தது. வேட்டி விலகியபோது குணலட்சுமி காலைப் பார்த்துவிட்டாள். விடிந்ததும் ஓட்டோ வாசலில் நின்றது.

டொக்ரர் கோபிகா காலைத் தொட்டார், அமுக்கினார், காய்ச்சல் பார்த்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"குளிசை ஒழுங்காப் போட்டனீங்களோ ஐயா?"

"ஓம் டொக்ரர்."

"உண்மையா?"

"அம்மனாணை. ஒரேயொரு நாள் மட்டும் விட்டனான். பேந்து ஒரு நேரமும் பிந்தேல்லை."

டொக்ரர் கதிரையில் சாய்ந்தார். "அதுதான் எனக்குப் பயமா இருக்கு. ஒழுங்காப் போட்டும் ஏறுதெண்டால், உந்தக் கிருமிக்கு இந்த மருந்து கேக்கேல்லை. ஆஸ்பத்திரியிலை நிப்பாட்டி, ஊசியாலை வேறை மருந்து ஏத்தவேணும். கொஞ்ச நாள் எடுக்கும்."

"தேர்?"

"தேர் அடுத்த வருசமும் ஓடும் ஐயா. கால் அடுத்த வருசமும் வேணும்."

சோமசேகரம், இத்தனை வயதில் ஒரு டொக்ரருக்கு முன்னால் அழுதுவிடுவோமோ என்று பயந்து சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார். அதில் தேரன்று சிவப்புக் கோடு போட்டிருந்தது. இன்னும் ஒரு கிழமை.

"உள்ளதைச் சொல்லுங்கோவன்," என்று குணலட்சுமி முழங்கையால் இடித்தாள். "டொக்ரர், இவர் கூட்டைக் கழட்டிப்போட்டுத் தூளைத்தான் சாப்பிட்டவர்."

"ஏன்?"

சோமசேகரம் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். "கூடு மாடாம்."

டொக்ரர் கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஐயா, இதை ஒரு சொல்லு என்னட்டைக் கேட்டிருக்கலாமே? கோயிலும் விரதமும் இல்லாத ஊரிலையே நான் பிறந்தனான்? இதுக்குக் கூடில்லாத குளிசை இருக்கு."

"இருக்கோ?" என்றார் சோமசேகரம். மருந்து எழுதித் தந்த அன்றே கேட்டிருக்கலாம். அந்த ஒரு வெட்கத்துக்காக எவ்வளவு பாடு!

"கூட்டைக் கழட்டினது பிழைதான். எவ்வளவு உள்ளுக்கை போனது எண்டு கணக்கில்லை. எண்டாலும் இவ்வளவு நாளும் எடுத்ததுக்கு, கொஞ்சமெண்டாலும் கேட்டிருக்கவேணும். கொட்டிச் சிந்தினீங்களோ?"

"முதல்நாள் காற்றாடிக்குப் போனது மட்டுந்தான் டொக்ரர். பேந்து மணியும் சிந்தேல்லை. தேனிலை குழைச்சு, கரண்டியையும் நக்கினவர். நான் பக்கத்திலை நிண்டு பாத்தனான்," என்றாள் குணலட்சுமி.

டொக்ரர் பேனையைக் கையில் எடுத்துவிட்டு, எழுதாமல் அவர்களைப் பார்த்தார். "ரண்டு பேரும் நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. நான் ஏச மாட்டன். மருந்தை எடுக்காமல் விட்டனான் எண்டு நீங்கள் சொன்னால் எனக்குச் சந்தோசம். மருந்து தோக்கேல்லை எண்டுதான் அதுக்குக் கருத்து. இண்டைக்கே குளிசையாத் திரும்பத் தொடங்கி, வீட்டிலை வைச்சே மாத்தலாம். தேருக்கும் போகலாம். ஆனால் எடுத்தும் கேக்கேல்லை எண்டால், எனக்கு வேறை வழியில்லை."

சோமசேகரம் பொய் சொல்ல ஆசைப்பட்டார். வாழ்க்கையில் இவ்வளவு இலேசாக ஒரு பொய் கையில் வந்து விழுந்ததில்லை. ஆனால் அம்மனில் ஆணையிட்டாயிற்று, சைவமாகவும் இருக்கிறார். தலையைக் குனிந்தார்.

"எல்லாம் எடுத்தனான் டொக்ரர். சிமிழிலை கிடந்த தூளை வழிச்சு எடுத்தனான்."

"சரி," என்று டொக்ரர் பெருமூச்சோடு துண்டை இழுத்து எழுதத் தொடங்கினார்.

சோமசேகரம் வாசலைப் பார்த்தார். அங்கே, ஆஸ்பத்திரியில் தங்க வைப்பார்களோ என்று அத்தான் வீட்டுக்குப் போய் மாற்றுடுப்பும் போர்வையும் அள்ளிக்கொண்டு மோட்டச்சைக்கிளில் வந்த கதிரவேலு நின்றான்.

"கதிரவேலு," என்றார் சோமசேகரம். "இந்த வருசம் நீ போடு. சில்லு உருளேக்கை கண்ணை எடுக்காதை. துள்ளேக்கை இடதுபக்கம் துள்ளு."

காத்திருந்த சொல் கிடைத்தும் கதிரவேலுக்குச் சந்தோசம் வரவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அத்தானின் கையைப் பிடித்தான். "எனக்கு வேண்டாம் அத்தான். நீங்கள் போட நான் பின்னாலை நிக்கவேணும். அதுதான் எனக்கு வடிவு. அம்மன் உங்களை எழுப்புவா."

குணலட்சுமி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். டொக்ரர்கூட எழுதுவதை நிறுத்திவிட்டார். நெற்றி நிறைந்த மூன்று குறியோடு நின்ற கதிரவேலு, முகத்தைச் சுளித்து நாக்கை ஒருமுறை உதட்டில் தேய்த்துவிட்டு, தமக்கையின் பக்கம் திரும்பினான்.

"அக்கா, ரண்டு மூண்டு நாளாக் கேக்கவேணுமெண்டு இருந்தனான்... நீங்கள் சிமிழ் மினுக்கின நாள் தொடக்கம் உங்கடை வீட்டுத் திருநீறு ஏனக்கா உப்பிடி வேம்பாக் கசக்குது?"