கேளூரின் இலவச மைனாக்கள்

எந்த வரைபடத்திலும் இடம் கிடைக்காத கேளூர் என்றொரு நாடு இருந்தது. மலை, ஏரி, அரசர், வரி எல்லாம் அங்கே உண்டு. ஆகவே அது நாடுதான் என்பதில் ஐயமில்லை. செய்தி அறிவதற்காகக் குடிமக்கள் வீட்டைவிட்டு வெளியே வந்து சிரமப்படுவதைக் காணப் பொறுக்காத அரசர் நெடுஞ்செவியார், ஒரு நாள் வீட்டுக்கொரு மைனாவை இலவசமாக வழங்கினார். அது பேசும் மைனா. சன்னலோரம் உட்கார்ந்து உலக நடப்பையெல்லாம் சொல்லும். தீனிச் செலவு மட்டும் குடிமக்களைச் சேர்ந்தது.

அந்தத் தீனியை விற்றுத்தான் மருதையன் பிழைத்தான். மைனாவுக்குப் பிடித்தது கோவைப்பழம். காலையில் மேட்டுத் தெரு, வெயில் ஏறியபின் மடைத் தெரு என்று கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சுற்றுவான். அவனுக்கு முன்னால் அந்த நாட்டில் கோவைப்பழத்துக்கு விலை என்று ஒன்று இருந்ததில்லை. வேலியில் பழுத்து வேலியிலேயே விழும். ஆகவே மைனாக்களைக் குறைசொல்ல அவனுக்கு வாய் வந்ததில்லை.

கேட்ட சேதியில் மனம் குளிர்ந்தால் மைனாவுக்கு ஒரு பழம் கொடுப்பது கேளூர் வழக்கம். கோபம் வந்தாலோ கை தானாகக் கூடைக்குப் போய் இரண்டு பழம் எடுக்கும். மைனா முட்டாள் பறவையன்று. விதைப்பு, மழை, விலைவாசி பற்றிய பேச்சைச் சில நாட்களிலேயே விட்டுவிட்டது.

பிறகு தேர்வுரிமை அமைச்சர் வண்ணமாறனார் ஒரு சட்டம் கொண்டுவந்தார். இலவசமாகவே இருந்தாலும் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாத மக்கள் அடிமைகளே என்று அவர் அவையில் கண்ணீர் மல்கப் பேசினார். அன்றுமுதல் கூண்டு நீலமாகவும் கிடைத்தது, மஞ்சளாகவும் கிடைத்தது. உள்ளே இருந்தவை ஒரே சோலையில், ஒரே மரத்துப் பொந்துகளில் பொரித்த குஞ்சுகள். நாடு முழுவதும் வரிசையில் நின்று தேர்ந்தெடுத்தது. மருதையன் போய்ச் சேர்ந்தபோது நீலம்தான் மிச்சமிருந்தது. அவன் தங்கை தவமணி, வாசல் கதவுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று மஞ்சளை வாங்கியிருந்தாள்.

அதற்கப்புறம் கேளூரில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. நீலக் கூண்டில் காற்றோட்டம் அதிகம் என்றார்கள். மஞ்சள் கூண்டு மைனாவுக்குக் குரல் சுத்தம் என்றார்கள். சந்தையில், சாவு வீட்டில், பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கும்போது என்று எங்கும் இதே வழக்கு. நிச்சயமான கல்யாணங்கள் முறிந்தன. அமைதி கெடுவதைக் கண்ட அமைச்சர், ஒரே நிறக் கூண்டுக்காரர்கள் ஒரே தெருவில் வாழ வேண்டும் என்று ஆணையிட்டார். நீலம் மேட்டுத் தெருவுக்கும், மஞ்சள் ஏரிக்குக் கீழே மடைத் தெருவுக்கும் மூட்டை கட்டின.

தவமணியின் மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமனுக்கு அழைப்பு வரவில்லை. மருதையன் தேங்காயும் பழமும் புதுச் சட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தான். அண்டை வீட்டு மஞ்சள்காரர் ஒருவர் மடியில் உட்காரவைத்துக் குத்தியதாகப் பிற்பாடு யாரோ சொன்னார்கள். அதற்கப்புறமும் அவன் மடைத் தெருவில் பழம் விற்றான். தங்கையும் வாங்கினாள். "பழக்காரரே, நல்லதா ரெண்டு கை அள்ளிப் போடும்" என்பாள், முகத்தைப் பார்க்காமல். அவனும் இரண்டு கைக்கு மூன்று கையாகப் போட்டுவிட்டு நகர்வான்.

இதற்கிடையில் மைனாக்களை வளர்க்க அரண்மனையில் ஒரு மாளிகை எழும்பியது. மண் தேவைப்பட்டது. பக்கத்தில் கிடைத்தது ஏரிக்கரை. கரை குறைந்தால் ஆபத்தில்லையா என்று கேட்ட கரைக்காவலரை அமைச்சர் வேலையிலிருந்து விடுவித்தார். ஆபத்து வந்தால் மைனாக்கள் சொல்லாதா?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு முற்பகலில், கோவைக்கொடி தேடிப் போன மருதையன் ஏரிக்கரையின் அடிவாரத்தில் நீர் கசிவதைப் பார்த்தான். சேற்று நீர். கையை வைத்தால் மண் உள்வாங்கியது. நேராக அரண்மனைக்கு ஓடினான். ஏரி அதிகாரி அவன் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"இதை எந்த மைனா சொன்னது?"

"மைனா இல்லீங்க ஐயா. நானே கண்ணால பார்த்தேன்."

"கண்ணால் பார்த்ததை ஏற்கும் வழிமுறை இத்துறையில் தற்போது இல்லை" என்றார் அதிகாரி. ஆனாலும் அவர் நல்லவர். மைனா மூலம் வந்தால் உடனே கவனிப்பதாக வாக்களித்தார்.

மருதையன் மடைத் தெருவுக்கு ஓடினான். தங்கை வாசலில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கரை ஊறிவிட்டது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வா என்று மூச்சிரைக்கச் சொன்னான். தவமணி கூண்டுப் பக்கம் திரும்பி, ஏரி எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"ஏரி அழகு, கரை அழகு. நீலக்காரருக்குப் பொறுக்கவில்லை" என்றது மைனா.

"கேட்டீரா?" என்றாள் தவமணி. "எங்களைக் கெளப்பிவிட்டுட்டு இந்தத் தெருவையும் புடிச்சுக்கலாம்னு பாக்குறீங்க. போய் உம்ம தெரு ஆளுங்ககிட்ட சொல்லும்."

அவள் மைனாவுக்கு இரண்டு பழம் கொடுத்தாள். மருதையன் விற்ற பழம்தான்.

தெருமுனைவரை நடந்தவன் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றான். எத்தனையோ வீட்டு வாசலில் நின்று எத்தனையோ மைனாக்களைக் கேட்டவன் அவன். உண்மையைச் சொன்னால் எந்த மைனாவும் திருப்பிச் சொல்லாது. அதில் பழம் இல்லை. எதில் பழம் இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்ததற்காக முதல்முறையாக வெட்கப்பட்டான். வெட்கப்பட்டுக்கொண்டே முனை வீட்டுச் சன்னலில் இருந்த மஞ்சள் கூண்டை நெருங்கி, ஒரு கைப் பழத்தைப் போட்டு, மெதுவாகச் சொன்னான்:

"மேட்டுத் தெரு நீலக்காரனுங்க ஏரியை வெட்டிவிடப் போறானுங்க. மடைத் தெருவ முக்கிட்டுத்தான் மறுவேலையாம்."

அந்தச் சேதி தெருவின் மறுகோடிக்குப் போக, அவன் கூடையைத் திரும்பத் தலைக்கு ஏற்றும் நேரம்தான் ஆனது. திரும்பி வரும்போது அது கொழுத்திருந்தது. நீலக்காரர்கள் கடப்பாரை வாங்கினார்களாம், பூசை போட்டார்களாம், மடைத் தெருப் பெண்களைப் பற்றி ஏதோ பாட்டுக்கூடக் கட்டியிருக்கிறார்களாம். வீட்டுக்கு வீடு தடி வெளியே வந்தது. பிள்ளைகளைத் தனியே விட்டுப் போக முடியாதென்று தாய்மார்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டார்கள். நடக்கமுடியாத கிழவர்கள்கூட, நீலக்காரன் அடிவாங்குவதைப் பார்க்காமல் கண்மூட மனமில்லாமல், பேரன்களின் முதுகில் ஏறிக்கொண்டார்கள். மடைத் தெரு முழுதும் மேட்டை நோக்கி ஏறியது. கடைசியாக ஏறியவன் மருதையன்.

மேட்டுத் தெருவும் தடியோடு தயாராக நின்றது; அவர்களுடைய மைனாக்கள் சும்மா இருக்குமா? முதல் அடி விழுவதற்குள் கீழே பெரிதாக ஒரு சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மடைத் தெரு இருந்த இடத்தில் தண்ணீர் நின்றது. மாடுகள் போயின, நெற்குதிர்கள் போயின, சன்னலோரத்து மஞ்சள் கூண்டுகளெல்லாம் போயின. மனிதரில் ஒருவர்கூடக் குறையவில்லை.

மறுநாள் மருதையனைப் பிடித்துப் போனார்கள். பழம் போட்டு மைனாவிடம் அவன் பேசியதை முனை வீட்டுக்காரி பார்த்திருந்தாள். ஏரி வெட்டப்படும் என்பது முன்கூட்டியே தெரிந்தவன் வெட்டியவனாகத்தான் இருக்க முடியும் என்று அமைச்சர் அவைக்கு விளக்கினார். அவை தலையசைத்தது. சில நாள் கழித்து, கரை மண்ணால் கட்டிய மாளிகையில்தான் விசாரணை நடந்தது. சுவர்கள் கெட்டியாக இருந்தன.

சாட்சி சொல்லத் தவமணி வந்தாள். இடுப்பில் குழந்தை. அதன் காதில் சின்னக் கம்மல் மின்னியது. மருதையன் அதை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தான். பார்த்தபடியே இருந்தான். குற்றவாளி சிரிக்கிறான் என்று காவலர் எடுத்துச் சொன்னார்.

என் வீட்டைத் தண்ணீரில் விட்டவன் இவன்தான் என்று தவமணி தெருவே சொன்னதைச் சொன்னாள். அமைச்சர் போகலாம் என்று கையசைத்தார். அவள் போகவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு அவள் வீட்டில் மைனா இல்லை. சில நாட்களாக அவளுக்கு எதையும் யாரும் சொல்லவில்லை. தனக்குத் தானே நினைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் அது மெதுவாகத்தான் வந்தது.

"அண்ணே" என்றாள். "கரைய வெட்டுறவனா இருந்தா, அன்னிக்கி மொதல்ல என்கிட்ட வந்து எதுக்கு மேட்டுக்கு வான்னு கூப்புட்ட?"

மருதையன் வாயைத் திறந்தான். அதற்குள் அமைச்சர் எழுந்துவிட்டார். அவர் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது.

"இந்தப் பெண்மணி பல நாட்களாக மைனா இல்லாமல் துன்புறுகிறார். இதை யாரும் என் கவனத்துக்குக் கொண்டுவராதது வருந்தத்தக்கது. உடனே ஒன்று கொண்டுவாருங்கள். இலவசமாக."

கூண்டு வந்தது. மஞ்சள்தான், இரக்கத்திலும் அமைச்சர் அவளுடைய தேர்வை மறக்கவில்லை. வழியில் மைனா மிரளாமலிருக்க மேலே துணி போர்த்தியிருந்தார்கள். துணியை விலக்கினால் அது பேசத் தொடங்கும்.

மருதையனுக்கும் உரிமை மறுக்கப்படவில்லை. சிறைக் கம்பிகளுக்கு என்ன வண்ணம் பூச வேண்டும் என்று கேட்டார்கள். மஞ்சள் என்றான். அவன் பொய்யாக மஞ்சள் கேட்டானா மெய்யாகக் கேட்டானா என்று கேளூர் அன்று மாலையே இரண்டாகப் பிரிந்து வாதாடத் தொடங்கியது. உடைந்த கரை உடைந்தபடியே கிடந்தது. மழை விடவில்லை.

தவமணி ஒரு கையில் குழந்தையும் மறு கையில் கூண்டுமாக மாளிகை வாசல்வரை வந்து, அங்கேயே நின்றாள். கூண்டுக்குள் மைனா சிறகடித்துக்கொண்டது. குழந்தை துணியின் நுனியைப் பிடித்து இழுக்கப் பார்த்தது. அவள் கூண்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

துணியை அவள் இன்னும் விலக்கவில்லை.