ஈறு ஆறிய சிறுத்தை

ஒரு காட்டில், அலுவலகம் ஒன்று வந்த பிறகும் காடு என்றே அழைக்கப்பட்டுவந்த ஒரு காட்டில், காத்தாயி என்று ஒரு சிறுத்தை இருந்தாள். அவளுக்கு வயது பதினொன்று. சிறுத்தைகளில் அது பேரன் பேத்தி எடுத்து, அவர்களும் வேறு மலைக்குப் போய், ஒரு செய்தியும் அனுப்பாமல் இருக்கிற வயது. அவள் ஊற்றுப்பாறையில் குடியிருந்தாள். அதன் மேல் படுத்தால் வயிற்றுக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். தனியாக இருப்பவர்களுக்கு அது ஒரு பேச்சுத்துணை.

ஊற்றுப்பாறை, குகை, ஆற்றுமேடு போன்ற நல்ல இடங்கள் எல்லாம் வேட்டையாளர்களுக்கு மட்டும் என்பது அந்தக் காட்டின் சட்டம். ஆண்டுக்கு ஒருமுறை வேட்டையாளர் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வாயைக் காட்ட வேண்டும். பல்லும் உதடும் இரத்தமாக இருந்தால் வேட்டையாளர், இல்லையென்றால் இல்லை. முன்பெல்லாம் எழுத்தர் தணிகாசலம் என்கிற நரி கண்ணால் பார்த்துச் சொல்வார். மனிதர்கள் ஒரு மரத்தில் கட்டி மறந்துபோன படப்பெட்டி கிடைத்த பிறகு அந்த வேலை பெட்டிக்குப் போய்விட்டது. அதன் முன்னால் வாயைத் திறந்தால் பளிச்சென்று வெட்டும். படத்தில் இரத்தம் தெரிந்தால் தணிகாசலம் முத்திரை குத்துவார். யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை என்பதால் எல்லோருக்கும் பெட்டியைப் பிடித்திருந்தது.

காத்தாயிக்கு மூன்று ஆண்டுகளாகப் புதுப்பிப்பில் ஒரு சிரமமும் இல்லை. விடிந்து எழுந்தால் வாயெல்லாம் இரத்தம். முகம் வைத்துத் தூங்கிய இடத்தில் செம்மண் குழைத்துப் பூசியது போல ஒரு கறை. வழியில் போகிறவர்கள் பார்த்துவிட்டு ஒதுங்கினார்கள்.

"காத்தாயி அக்கா நேத்தும் அடிச்சிருக்கா போல," என்று காட்டுக்கோழிகள் பேசிக்கொண்டன.

அவள் மறுக்கவில்லை. அவள் கடைசியாக மான் அடித்தது மாசி மாதத்தில். இப்போது ஆவணி. இடைப்பட்ட காலமெல்லாம் தவளை. தவளையைக் கடிக்க வேண்டியதில்லை, விழுங்கினால் போதும்.

ஆவணியில் ஒரு காலை, நெடுநாளைக்குப் பிறகு ஒரு மானின் கழுத்தைப் பிடித்தாள். நல்ல பிடி. ஆனால் கடித்தபோது மேல் கோரைப்பல் இடமும் வலமும் ஆடியது. மான் சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, விடுறீங்களா?" என்று கேட்டது. விட்டாள். நாலு எட்டு போன மான் திரும்பி நின்று, "வலிக்கவே இல்லைக்கா," என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனது. பசியைப் பொறுத்துக்கொண்டவளால் அந்த ஆறுதலைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் டாக்டர் இசக்கியம்மாள் வீட்டு வாசலில் போய் வரிசையில் நின்றாள். இசக்கியம்மாள் ஒரு முள்ளம்பன்றி. அந்தக் காட்டில் பல் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். கருவிகளையெல்லாம் முதுகிலேயே வைத்திருந்தார். வேண்டியபோது ஒன்றை உருவிக்கொள்வார்.

வரிசையில் அவளுக்கு முன்னால் கிழப்புலி ரணதீரன் நின்றிருந்தார். பல் குத்த ஒரு முள் கேட்டு வாங்கிப் போக வந்தவர்.

"என்ன காத்தாயி, நீ எங்க இங்க?"

"பல் ஆடுது அண்ணாச்சி."

"எனக்கு ஆடுறதுக்குக்கூட ஒண்ணும் மிச்சமில்லை. முன்வரிசை நாலும் போச்சு. ஆனா ரத்தம் மட்டும் நிக்கலை, பார்த்துக்க. சாமி புண்ணியம்." வாயைத் திறந்து காட்டினார். எலி செத்துக் கிடக்கிற கிணற்றின் வாடை அடித்தது. "பெட்டி முன்னால போய் நின்னா செம்பருத்திப் பூவாட்டம் வருது படம். இந்தம்மாகிட்ட வாயைக் காட்டிராத. நிப்பாட்டிரும்."

அவர் முள்ளை வாங்கிக்கொண்டு போனார். இசக்கியம்மாள் காத்தாயியை உள்ளே அழைத்தார்.

"வாயைத் தொறங்க. இன்னும் கொஞ்சம். பயப்படாதீங்க, பார்த்தா நான்தான் பயப்படணும்."

அளவுக் கோடு போட்ட முள் ஒன்றை எடுத்துப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெல்ல விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது.

"நல்ல ஈறுன்னா முள்ளுல ரெண்டு மூணு கோடு வரைக்கும்தான் இறங்கும். உங்களுக்கு ஏழு கோடு இறங்குது. வலிக்குதா?"

"இல்லையே."

"அதான் இந்த நோயோட கெட்ட குணம். பெருசா வலிக்காது. வலிச்சிருந்தா மூணு வருசம் முன்னாடியே வந்திருப்பீங்க. புகையிலை போடுற பழக்கம் உண்டா?"

"நான் சிறுத்தைம்மா."

"தாள்ல இருக்கு, கேட்கணும். சர்க்கரை?"

"எதுல?"

"ரத்தத்துல."

"மானோட ரத்தத்துலயா?"

"சரி, இல்லைன்னு போட்டுக்கிறேன்." முள்ளைத் துடைத்தார். "கேளுங்க. தின்னது பல்லு மேல பிசுபிசுன்னு ஒரு படலமாப் படியும். தினமும் தேய்ச்சு எடுக்கலைன்னா கல்லா இறுகிரும். காரைன்னு சொல்றது அதைத்தான். காரை ஈறுக்கு அடியில இறங்கினா ஈறு வீங்கி ரத்தம் கசியும். அப்புறம் பல்லை விட்டு விலகும். அதையும் பார்த்துட்டு சும்மா இருந்தோம்னா, பல்லைப் பிடிச்சிருக்கிற எலும்பே கரைஞ்சிரும். ஆடாம என்ன செய்யும்?"

காத்தாயி நாக்கால் ஈறைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "காலையில வர்ற ரத்தம் என்னோடதா?" என்று கேட்டாள்.

"பின்ன யாரோடது?"

அவளுக்கு அது ஏற்கெனவே தெரியும். ஆனால் வேறொருவர் வாயால் கேட்பது வேறாக இருந்தது. மூன்று ஆண்டுகளாகக் காடு நடுங்கி ஒதுங்கியது அவள் இரத்தத்தைப் பார்த்து. அவள் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைத்தானே தின்றுகொண்டிருந்திருக்கிறாள். அதற்கு ஆண்டுதோறும் முத்திரையும் கிடைத்திருக்கிறது.

"வைத்தியம் பார்த்தா ரத்தம் நின்னுருமா?"

"ரெண்டு மூணு வாரத்துல நின்னுரும். கரைஞ்ச எலும்பு திரும்ப வராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். ஈறு இறுகினா பல்லும் நிக்கும். என்ன, முகம் இப்படிப் போகுது? எல்லாரும் இதைக் கேட்டா சந்தோசப்படுவாங்க."

"ஐப்பசியில புதுப்பிக்கணும்மா. ரத்தம் நின்னா பாறை போயிரும்."

"ரத்தம் நிக்கலைன்னா பல்லு போயிரும். பல்லுக்குப் பதிலா பாறையை வச்சு மெல்ல முடியாதுல்ல?"

காத்தாயி எழுந்து பாதி வழி வரை போனாள். அங்கே நின்று யோசித்தாள். பல் உறுதியானால் உண்மையாகவே மான் அடிக்கலாம். புதுப்பிக்கிற அன்று காலை ஒன்றை அடித்து, அந்த இரத்தத்தோடு பெட்டி முன் போய் நிற்கலாம். சான்றிதழை நேர்மையாக வாங்கியது போலவும் ஆகும். நேர்மை என்ற சொல் மனதில் வந்ததும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. என்றாலும் திரும்பி வந்து படுத்து வாயைத் திறந்தாள்.

நான்கு தடவை போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் இசக்கியம்மாள் முள்ளால் சுரண்டச் சுரண்டக் காரை பெயர்ந்து விழுந்தது. ஈறுக்கு அடியில், பல்லின் வேர் வரை சுரண்டினார். காத்தாயி கண்ணை மூடிக்கொண்டு தான் தின்ற மான்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டாள். அவற்றில் கொஞ்சம் இத்தனை நாளும் தன்னோடுதான் இருந்திருக்கிறது.

வீட்டுக்குச் சில கட்டளைகள். காலையும் மாலையும் நார்போல் மென்ற குச்சியால் ஈறோரமாக மெதுவாகத் தேய்க்க வேண்டும். பல் இடுக்குகளை மெல்லிய நாரால் தனியாகச் சுத்தம் செய்ய வேண்டும். உவர்மண் கரைத்துத் தெளிந்த வெதுவெதுப்பான நீரில் கொப்பளிக்க வேண்டும்.

"முதல் நாள் ரத்தம் வரும். ஐயோ ரத்தம் வருதேன்னு தேய்க்கிறதை நிறுத்தினா திரும்ப முதல்ல இருந்துதான். எதை மறந்தாலும் மறங்க, தின்னதும் வாய் கொப்பளிக்கிறதை மறக்காதீங்க," என்றார் இசக்கியம்மாள். ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

பதினாறாம் நாள் இரத்தம் நின்றது. அன்று காலை பாறையில் கறை இல்லை. காத்தாயி தண்ணீரில் முகம் பார்த்தாள். ஈறு தாமரை மொட்டின் நிறத்தில் இருந்தது. வாயில் வாடை இல்லை. வழியில் போன காட்டுக்கோழிகள் நின்று பார்த்தன.

"அக்காவுக்கு உடம்பு சரியில்லை போல. வாய் வெளுத்துக் கிடக்கு பாவம்."

ஐப்பசி வந்தது. புதுப்பிப்பின் கடைசி நாள் காலை அவள் மான் அடித்தாள். பல் ஆடவில்லை. கழுத்தில் பிடித்ததும் பல் இறங்கிய விதம் அவளுக்குத் தன் இளமையை ஞாபகப்படுத்தியது, கண் கலங்கிவிட்டது. வயிறாரத் தின்றாள். சாட்சிக்கு இருக்கட்டும் என்று ஒரு தொடையைத் தோளில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். வரிசை நீளமாக இருந்தது. அவள் முறை வந்து, பெட்டி முன் வாயைத் திறந்தாள். பளிச்.

தணிகாசலம் படத்தைப் பார்த்தார். திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா, முத்து மாதிரி இருக்கு?"

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. தின்று முடித்ததும் கால் தன்போக்கில் ஓடைக்கு நடந்திருக்கிறது. முகம் கழுவி, குச்சியால் தேய்த்து, இடுக்கெல்லாம் நாரால் எடுத்து, மூன்று முறை கொப்பளித்துத் துப்பியிருக்கிறாள்.

"காலையிலதான் அடிச்சேன் சார். இதோ தொடை."

"தொடை இருக்கு, சரி. படிவத்துல வாய்னு ஒரு கட்டம்தான் இருக்கு. தொடைன்னு கட்டம் இல்லையே."

"இப்பவே இதை உங்க முன்னாடி கடிச்சுக் காட்டுறேன்."

தணிகாசலம் தலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினார். 'அலுவலக வளாகத்தில் உணவு உண்ணக் கூடாது.'

"வெளிய போய்ச் சாப்பிட்டுட்டு வரிசையில கடைசியா வந்து நில்லுங்க. பன்னிரண்டு மணிக்குக் கவுன்டரை மூடிருவோம்."

மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. காத்தாயி வேட்டையாளர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுத் தாவர உண்ணிகள் பட்டியலில் சேர்க்கப்பட்டாள். வேறு பட்டியல் இல்லை. ஊற்றுப்பாறை, செம்பருத்திப் பூவாட்டம் படம் வந்த ரணதீரனுக்குப் போனது. அவளுக்குப் புல்வெளியில், மூன்றாவது வரிசையில், மான்களின் குடியிருப்புக்கு நடுவே ஒரு புதர் ஒதுக்கப்பட்டது.

அவள் அங்கே போன அன்று மான்களின் தலைவர் கனகவேல் வந்து உத்தரவை வாங்கிப் படித்தார். முத்திரையை முகர்ந்து பார்த்தார்.

"அன்னைக்குக் கவுன்டருக்குத் தொடை ஒண்ணு கொண்டுவந்தீங்கன்னு பேசிக்கிட்டாங்களே?"

"கொண்டுவந்தேன்."

"அது கணக்குல சேரலையாம்ல?"

"சேரலை."

"அப்பச் சரி. வாங்க, வாங்க," என்றார் கனகவேல். இளம்புல்லாகப் பார்த்து ஒரு கட்டு கொடுத்தனுப்பினார்.

அவர் மாலைதோறும் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். தன் ஈறும் சில நாளாகக் கசிவதாகச் சொன்னார். குச்சியை எப்படிப் பிடிப்பது, இடுக்கில் நாரை எப்படி விடுவது என்று காத்தாயி அவருக்குக் காட்டிக்கொடுத்தாள். "பல்லு எப்படி இருக்கு தங்கச்சி?" என்று அவர் தினமும் கேட்டார். அவளை அப்படி யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அவரை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனால்தான் பத்து நாள் பொறுத்தாள்.

பதினோராம் நாள் மாலை கனகவேல் வீடு திரும்பவில்லை.

காடு கொதித்தது. தலைவரையே தின்றவன் யார்? தணிகாசலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லா இடங்களுக்கும் போனார். புல்வெளியில் காத்தாயி வாயைத் திறந்தாள். பளிச். வெள்ளைப் பல், தாமரை ஈறு. "இப்படி ஒரு வாய் நம்ம பிள்ளைகளுக்கு இருக்கா?" என்று ஒரு தாய்மான் தன் குட்டிகளைத் திட்டியது. ஊற்றுப்பாறையில் ரணதீரன் வாயைத் திறந்தார். படம் முழுக்கச் சிவப்பு.

"யோவ், இது என் ரத்தம்யா!" என்று அலறினார் ரணதீரன். "ஈறுல வர்றது! பத்து வருசமா வருது! எனக்கு முன்பல்லே இல்லை, நான் எதை வச்சுக் கடிக்க?"

"மாட்டிக்கிட்டா எல்லாரும் என் ரத்தம்னுதான் சொல்றாங்க," என்றார் தணிகாசலம். "வேட்டையாளர்னு போன மாசம் நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

டாக்டர் இசக்கியம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"அவருக்கு ஈறு நோய் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என்கிட்ட முள்ளு வாங்கத்தான் வருவார். வாயைக் காட்டினதே இல்லை. தாள் எதுவும் கிடையாது."

ரணதீரனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் துரத்திவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் தவளைகூட இல்லை.

ஊற்றுப்பாறை காலியானது. மான்கள் கூடிப் பேசி ஒரு தீர்மானம் போட்டன: தண்ணீர் குடிக்கப் போகும்போது காவலுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும், இனி எந்த வேட்டையாளருக்கும் அந்தப் பாறை கூடாது, நம் பட்டியலிலேயே இருக்கிற காத்தாயிக்குக் கொடுக்க வேண்டும். தணிகாசலம் முத்திரை குத்தினார்.

காத்தாயி பாறைக்குத் திரும்பி வந்து படுத்தாள். கீழே மான்கள் பயமில்லாமல் வரிசையில் வந்து தண்ணீர் குடித்தன. குடித்துவிட்டு அவளுக்கு வணக்கம் சொல்லிப் போயின. பல்லைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கனகவேல் இருந்திருந்தால் கேட்டிருப்பார். அவளுக்குத் தாங்க முடியாத தனிமையாக இருந்தது. பிறகு பசித்தது.

நீதி: ஈறில் இரத்தம் கசிந்தால் தள்ளிப்போடாமல் உடனே வைத்தியரிடம் காட்டித் தாள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், தின்றுவிட்டு வாய் கொப்பளித்தவர் தின்றதற்கெல்லாம் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.