ஜப்பான் பாட்டும் பரஞ்சோதியின் வாயும்

நவமணி இன்றும் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணைப் பார்த்திருந்தால் பரஞ்சோதி சந்தோஷப்பட்டிருப்பான். வாயை அல்லவா பார்க்கிறாள்! மலாயாவின் சுங்கைப்பட்டாணி தேவாலயத்தில் ஆண்களும் பெண்களும் எதிரெதிராக நின்று பாடுவது வழக்கம். தப்பிக்க வழியில்லை.

பரஞ்சோதிக்குத் திக்குவாய். சிடாம் கிரி ரப்பர் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை. அவன் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால், எதிரில் இருப்பவர் அதை முடித்துக்கொடுத்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் கடிதம் கடைசியாக வந்தது ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால். வாரம் முழுக்க அவன் முழுதாகச் சொல்லும் வார்த்தைகள் சனிக்கிழமை மாலை இங்கே பாடுபவைதான். பாட்டில் மட்டும் நாக்கு இடறாது. இடறிவிடுமோ என்ற பயத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் வாயை நன்றாகத் திறந்து பாடுவான்.

அதையும் ஒருத்தி வேடிக்கை பார்க்கிறாள்!

ஜப்பான் பாட்டு வந்ததிலிருந்துதான் இந்தத் தொல்லை. ஜப்பான் சக்கரவர்த்தி பிறந்தநாளில் அவர்கள் அதிகாரி முன்னால் பாடவேண்டும் என்று உத்தரவு. பாட்டுத் தாள் ஒன்றே ஒன்று, அது பாட்டு சொல்லித்தரும் செல்லப்பா மாஸ்டர் கையில். மற்றவர்கள் அவர் பாடக் கேட்டுப் பாடம் செய்யவேண்டும்.

பரஞ்சோதி கீர்த்தனைப் புத்தகத்தைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டான்.

இரண்டாம் வரியில் நவமணி தடுமாறினாள். அவள் குரலைப் பிடித்துக்கொண்டு பாடுகிற மற்றப் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

"பொம்பிளையள் பக்கம் என்ன நடக்குது?" என்று கத்தினார் மாஸ்டர். "சக்கரவர்த்திக்குப் பிறந்தநாளோ, செத்தவீடோ?"

"மெதுவா மாஸ்டர், ரோட்டுல கேக்கும்லா!" என்றாள் நவமணிக்குப் பக்கத்தில் நின்ற பிரேமாவதி.

"பரஞ்சோதி, புத்தகத்தை இறக்கும். அதில ஜப்பான் பாட்டு இல்லை."

புத்தகம் இறங்கியது. அவன் தூண் பக்கமாகத் திரும்பிக்கொண்டான். நவமணி எட்டிப் பார்த்தாள். இன்னும் எட்டினாள். கால் தவறிப் பிரேமாவதி மேல் சாய்ந்தாள்.

"அடியே, என் கால்!"

எல்லோரும் சிரித்தார்கள். தன்னைத்தான் என்று நினைத்துக்கொண்ட பரஞ்சோதி, கைக்குட்டையை எடுத்து வாயைச் சுற்றிக் கட்டினான்.

"என்ன இது?" என்றார் மாஸ்டர்.

"ப... ப..."

"பல்வலியோ? சரி, கட்டிக்கொண்டு பாடும்."

இந்தத் தடவை நவமணி வாயே திறக்கவில்லை. பெண்கள் பக்கம் மொத்தமும் அடங்கிப்போனது. கைக்குட்டைக்குள் பரஞ்சோதி மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தான்.

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இப்பிடிப் பாடினா அந்த ஜப்பான் அதிகாரி கோயிலையே பூட்டிப் போடுவான். பிறகு நாங்கள் ஒரு பாட்டும் பாடேலாது."

பரஞ்சோதி ஒரு முடிவுக்கு வந்தான். தன் முகத்தைப் பார்த்துத்தானே அவளுக்குப் பாட்டு நிற்கிறது? முகம் போய்விட்டால் பாட்டு பிழைக்கும். கைக்குட்டையை அவிழ்த்தான்.

"மாஸ்டர், நா... நான் இ... இனி..."

"இனி ஒழுங்காப் பாடுவீர். விளங்குது. போய் நில்லும்."

விலகுவதைக்கூட அவனால் சொல்லி முடிக்க முடியவில்லை. வெளியே நடந்தான். அடுத்த சனிக்கிழமை மாலை எங்கே போவது என்று யோசித்தபடி சைக்கிளை எடுத்தான். கிழிந்த டயருக்குள் அடைத்திருந்த தேங்காய் மட்டை பிதுங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி! நில்லுங்க தம்பி!"

மகளை வீட்டுக்கு அழைத்துப்போக வந்து, கடைசி பெஞ்சில் காத்திருந்த மருதம்மாள் ஓடிவந்தாள். பின்னால் நவமணி. அழுத முகம். அப்போதும் அவன் வாயைத்தான் பார்த்தாள்.

பரஞ்சோதிக்குப் பொறுக்கவில்லை. "உங்க ம... மக ஏன் எ... என் வா... வாயையே..."

ஆச்சரியம்! அந்த வாக்கியத்தை யாரும் முடித்துக்கொடுக்கவில்லை. இருவரும் காத்திருந்தார்கள்.

"...பா... பாத்துச் சி... சிரிக்கிறா?"

நவமணி வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். மருதம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"மாஸ்டர்கிட்ட சொல்லிறாதீங்க தம்பி, சேத்துக்க மாட்டாரு. ஜப்பான்காரன் குண்டு விழுந்ததிலேருந்து இவ காதுக்குச் சத்தம் கேக்குது, வார்த்தை கேக்கல. வாயசைவப் பாத்துத்தான் புரிஞ்சுக்கறா. மத்தவங்க வாயெல்லாம் ஓடிப்போயிருது. நின்னு நின்னு பேசறது நீங்க ஒருத்தருதான். இந்த ஊருல இவளுக்குப் புரியிற பேச்சு உங்க பேச்சு மட்டும்தான் தம்பி."