ரவுண்டு அக்கா கடையில் கை கழுவத் தண்ணீர் கிடையாது

டச்சுக்காரர்களுக்குப் பிறகு சதுரங்கப்பட்டினத்தை உருப்படியாக ஆண்டவர் ஒருவர்தான். டச்சுக் கோட்டை மதிலுக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருக்கும் ரவுண்டு அக்கா. அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியமும் வந்ததில்லை.

போன வருஷம் டாக்டர் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "மாத்திரை போட்டும் காலை டிபனுக்கு அப்புறம் சர்க்கரை ஜிவ்வுன்னு ஏறுது. மூணு மாசம் பார்ப்போம். இறங்கலேன்னா ஊசிதான்" என்றார். எனக்குப் பட்டன் தைக்கிற ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும். ஆபீஸ் நண்பர் பரிதாபப்பட்டு என்னை அக்கா கடைக்கு இழுத்துப் போனார்.

"நாலு இட்லி" என்றேன்.

"இன்னா சார் அவசரம்? இட்லி எங்கியும் ஓடாது. மொதல்ல சுண்டல துன்னு. அப்பால முட்டை. வயித்துல எடம் இருந்தா இட்லியப் பத்திப் பேசு."

கெஞ்சிக் கூத்தாடி இரண்டு இட்லி வாங்கினேன். சாப்பிட்டு எழுந்தால் கை கழுவத் தண்ணீர் இல்லை. தண்ணீர் டிரம் கோட்டைக்கு அந்தப் பக்கம், அக்காவின் தங்கச்சி வீட்டு வாசலில் இருந்தது.

"துன்னுட்டு குந்திகினா சர்க்கரை ஏறிக்கும். ஒரு ரவுண்டு நடந்து போய்க் கழுவு."

மறுநாள் ஸ்கூட்டரில் தண்ணீர் பாட்டிலை ஒளித்து எடுத்துப் போனேன். மூடியைத் திறப்பதற்குள் அக்கா கரண்டியோடு வந்துவிட்டார். "யார ஏமாத்துற? என்னியா, உன் ரத்தத்தியா?" என்று பாட்டிலைப் பிடுங்கி, என் கண்ணெதிரே சாம்பாரில் கவிழ்த்தார்.

அதற்குப் பிறகு நானும் கூட்டத்தில் ஒருவன். தினமும் பத்துப் பேர் சாம்பார்க் கையைத் தூக்கிப் பிடித்தபடி கோட்டையைச் சுற்றுவோம். மாமல்லபுரத்திலிருந்து வந்த இரண்டு வெள்ளைக்காரர்கள், ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று அவர்களும் கையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். டிரம்மைப் பார்த்ததும் பக்தியோடு கும்பிட்டார்கள். இன்னொரு நாள் எங்கள் மேலதிகாரி எதிரே வந்து கையை நீட்ட, நானும் ஞாபகமில்லாமல் குலுக்கித் தொலைத்தேன். நல்ல மனுஷர், திட்டவில்லை. விஷயத்தை விசாரித்துக்கொண்டு மறுநாளிலிருந்து அவரும் சுண்டலுக்கு உட்கார்ந்துவிட்டார்.

மூன்று மாதம் ஆயிற்று. டாக்டர் புதுச் சீட்டை இரண்டு தடவை படித்தார். "ஊசி வேண்டாம். என்ன பண்ணீங்க?"

"கை கழுவினேன் டாக்டர்."

நேரே கடைக்கு ஓடிச் சீட்டை நீட்டினேன்.

"எனுக்கு இன்னாத்துக்கு காயிதம்? ஊசி கீதா, இல்லியா? அத்த சொல்லு."

"இல்லக்கா."

கரண்டியைப் போட்டுவிட்டு அக்கா தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். "ஏய், நம்ம சாருக்கு ஊசி இல்லியாம்!" தெருவோரம் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர்கள்கூட எழுந்து நின்று சிரித்தார்கள். என் வீட்டில்கூட அன்று யாரும் அப்படிக் குதிக்கவில்லை.

இந்த மாதம் பதவி உயர்வோடு வடக்கே மாற்றல் வந்தது. வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்ட இடத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று எழுதினேன்.

"நம்ம குடும்பத்துல இப்ப என்ன சூழ்நிலை?" என்றாள் மனைவி.

"எனக்கு ஒரு அக்கா இருக்காங்க இல்ல" என்றேன்.