பன்னிரு வெள்ளெலிகள் விசிறிக்குப் பொருத படலம்

வாழ்க, வெண்மயிர் போர்த்துச் செங்கண் சுடர நெடுவால் ஏந்திய மூஷிக மாவீரர் பன்னிருவர்! கோவைப் புறநகரின் ஆய்வகக் கோட்டையில், கூண்டென்னும் பாசறையில், உருண்டைத் தீனி உண்டு திளைத்த அவர்தம் கொற்றம் பாடப் புகுந்தேன். கணினி காக்கும் தெய்வமே, நடுவில் கரண்டை மட்டும் நிறுத்திப்போடாதே.

போர் எதற்கென்பீரோ? சோமனூர்த் துணிவேந்தர் திருமலைசாமியின் ஆலையில், சன்னலில்லாச் சிற்றறையில், ஸ்பிரே கன்னால் கறைபோக்கும் மருந்தடிப்பவள் யாஸ்மின். அம்மருந்தின் ஆவியை நாளெல்லாம் முகர்ந்து இருமுறை மயங்கி விழுந்தவள், காற்றை வெளியேற்ற ஒரு விசிறி கேட்டாள். அடேங்கப்பா, விசிறியா! ஆராயாமல் அருள்வாரோ வேந்தர்?

"எலிக்கு விட்டுப் பாப்போமுங்க அம்மணி. எலி உழுந்துச்சுன்னா அன்னைக்கே ஃபேன் மாட்டிப்போடறேன்" என்று ஆலையே கேட்கச் சபதம் செய்தார். அவள் விழுந்தது கணக்கில் வராது போலும்.

அறுவர் ஒரு குலம், அறுவர் மறுகுலம். இரண்டுமே இருபது தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்த குலங்கள். எல்லாரும் வெள்ளை என்பதால், அடையாளத்துக்காக ஆய்வாளர் நவ்யா முதற்குலத்தார் வாலில் மட்டும் மஞ்சள் சாயம் தீட்டினாள். இம்மருந்தை மனித ஈரல் கையாளும் விதமாகவே கையாளும் ஈரல் அக்குலத்தாருடையது. மஞ்சள் வால் சாய்ந்தால் மனிதருக்கும் கேடு, சாயாவிட்டால் கேடில்லை என்பதே போர்விதி.

மூண்டது பெரும்போர்! கண்ணாடிப் பேழைக்குள் ஆவிப்படை அலையலையாய்ப் புக, மூக்கென்னும் கோட்டைவாயில் கடந்து, நுரையீரல் அகழி தாண்டி, குருதிப் பெருவழியில் விரைந்து ஈரல் தலைநகரை முற்றுகையிட, ஏதோ ஒரு குலத்தார் ஈரலில் நொதிப்படை பகையைத் துண்டு துண்டாக்கிச் சிறுநீர் வழியே நாடு கடத்தியது. மற்றக் குலத்தார் ஈரலிலோ பகை குடியேறிவிட்டது. ஆயினும் நான்காம் நாள்வரை வெளிப்பார்வைக்குப் பன்னிருவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

ஐந்தாம் நாள் ஆயுத பூசை. நவ்யா கொடுமுடிக்கு, தன் ஊருக்குப் போயிருந்தாள். கூண்டு பராமரிக்கும் சுப்பண்ணன், வருடந்தோறும் செய்வதுபோலவே, பன்னிருவரையும் ஒரே தொட்டியில் விட்டுவிட்டுக் கூண்டுகளைப் பளபளக்கக் கழுவினார். பேழைக்கும் தராசுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தார். ஈரோட்டு மஞ்சள் மீதமிருக்கவே, பன்னிரண்டு வாலுக்கும் பக்தியோடு பூசிவிட்டார்.

மறுநாள் திரும்பிய நவ்யா கண்டது: அறுவர் மீசை நீவிக்கொண்டிருக்க, அறுவர் மல்லாந்து கிடக்க, பன்னிரு வாலும் மஞ்சள்!

"சுப்பண்ணா, என்னங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க?"

"அதுகளும் நமக்கு ஒழைக்கறதுதானுங்களே அம்மணி!"

சத்தியமாக எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் வரவில்லை. அந்த எலிகளை மதித்தவர் அவர் ஒருவர்தான்.

அந்நேரம் எழுந்தருளினார் வேந்தர்.

"ரத்தத்த டெஸ்டுக்கு அனுப்புனா எது எந்தக் குலம்னு தெரிஞ்சுபோகுமுங்க. மூணு வாரம் பொறுங்க" என்றாள் நவ்யா.

"எதுக்குங்க கண்ணு? ஆறு நிக்குதில்லீங்களா? நம்ம சனம் கெட்டி. நிக்கறதுதானுங்க நம்மாளுக மாதிரி. அப்படியே எழுதிப்போடுங்க!"

ஆகா, ஈரலறியா ஈரமொழி! ஐந்தாண்டு படித்த படிப்பு ஐந்து நொடி தயங்கியது. பிறகு, த்தூ, கையெழுத்தும் போட்டது. முத்திரை முழங்க, 'மருந்து பாதுகாப்பானது' என்னும் வெற்றிச்சாசனம் பொன்னிறக் கோப்பில் ஏறி, சந்தனமாலையோடு ஊர்வலம்போல் காரில் சோமனூர் சேர்ந்து, ஆலை முகப்பில், வேந்தர்தம் திருவுருவப் படத்துக்கு நேர்கீழே, கண்ணாடிச் சட்டத்துள் வீற்றிருந்தது.

மறுநாள் காலை யாஸ்மின் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.