ஜன்னலைப் பார்த்துச் சிரித்தவர்

சட்டம் தெரியாதவர்களால் தெருவுக்குத் தொல்லையில்லை. முழுதாகத் தெரிந்தவர்களாலும் இல்லை. என்னைப் போல் போனில் பத்து நிமிடம் கேட்டுவிட்டுக் கிளம்புகிறவர்களால்தான் எல்லா ரகளையும்.

மாடம்பாக்கத்தில் வீடு கட்டிக் குடிபோன புதிது. ஹால் ஜன்னலுக்கு என் கணவர் ரவி பளபளவென்று கண்ணாடி போட்டிருந்தார். உள்ளிருந்து தெரு தெரியும். தெருவிலிருந்து உள்ளே தெரியாது. அந்தப் பெருமையை அனுபவிப்பதற்குள், தினமும் காலையில் ஒரு ஆள் எதிர்ப்பக்கம் வந்து நின்று எங்கள் ஜன்னலையே பார்க்க ஆரம்பித்தார். வழுக்கைத் தலை, கட்டம் போட்ட சட்டை. அவர் முதுகுக்குப் பின்னால் காலி மைதானம். அங்கே ஒரு அம்மாள் ஸ்கூட்டி பழகிக்கொண்டிருப்பார். (பாவம், இவனால் அந்தம்மாவுக்கு என்ன ஆபத்தோ என்று அதற்கும் சேர்த்துக் கவலைப்பட்டேன்.)

சும்மா பார்த்தாலாவது பரவாயில்லை. பல்லைக் கடிப்பார், நெஞ்சில் கை வைப்பார். ஒருநாள் ஜன்னலைப் பார்த்து இரண்டு கட்டைவிரலையும் உயர்த்திச் சிரித்தார். நான் உள்ளே தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"அவனுக்குத்தான் உள்ள ஒண்ணும் தெரியாதே" என்றார் ரவி.

"தெரியாமலா நான் தோசை சாப்பிடறதைப் பாராட்டறான்?"

கல்லூரித் தோழி மாலதி தாம்பரத்தில் வக்கீல். அவளுக்குப் போன் போட்டேன்.

"தெரு எல்லாருக்கும் பொதுடி. நின்னு வீட்டைப் பாக்கறது மட்டும் குத்தமில்ல. கேட்டுக்குள்ள வந்தா அத்துமீறல். உன் பின்னாடியே சுத்தினாலோ, நீ தனியா இருக்கறப்போ எட்டிப் பாத்து போட்டோ எடுத்தாலோ அது பெரிய தப்பு. பயமா இருந்தா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து ரசீது வாங்கிக்கோ. நீயா போய் வம்புக்கு நிக்காதே."

இதில் 'பெரிய தப்பு' மட்டும் என் காதில் தங்கியது.

மறுநாள் காலை கேட்டை அகலத் திறந்து போட்டுவிட்டு இறங்கினேன். ரவி பின்னாலேயே வருவதாகச் சொல்லிவிட்டு வாசற்படியில் நின்றுகொண்டார். அந்த ஆளுக்கு நேர் எதிரே போய் நின்று ஆரம்பித்தேன். தனியுரிமை, அரசியல் சாசனம், ஜாமீன் எல்லாம் வந்தது. (ஜாமீன் எதற்கு வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.) பக்கத்து வீடுகளில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர்கள் பிரஷ்ஷோடு வெளியே வந்துவிட்டார்கள்.

அவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தபடி சொன்னார்: "மேடம், கொஞ்சம் தள்ளுங்க. மறைக்குது."

நான் இன்னும் நன்றாக மறைத்துக்கொண்டு நின்றேன். அடுத்து அவர் அலறினார்: "வசந்தா! பிரேக்!"

மைதானத்திலிருந்து வந்த ஸ்கூட்டி எங்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு, திறந்திருந்த கேட்டுக்குள் நுழைந்து, ரவி ஆசையாக வளர்த்த ரோஜாத் தொட்டிகளைச் சாய்த்துவிட்டு நின்றது. ரவி அதற்குள் ஹாலுக்குப் போய்விட்டிருந்தார். யாருக்கும் அடியில்லை. மொத்தக் கதையிலும் அத்துமீறி உள்ளே வந்தவர் அந்தம்மாள் ஒருவர்தான்.

இறங்கியவர் என்னைக் கவனிக்கவே இல்லை. "பாக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே!" என்று கணவரைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எங்க பாத்தேன்? முதுகைத்தானே காட்டிக்கினு நின்னேன்?"

அந்தம்மாள் எங்கள் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். முகம் பார்க்கும் கண்ணாடி போல, மைதானம் முழுவதும் அதில் அப்படியே தெரிந்தது. நானும் அப்போதுதான் வெளியிலிருந்து அதைக் கவனித்தேன். தன்னைப் பார்த்தால் பதற்றமாகிறது என்று மனைவி தடை போட, மனிதர் எங்கள் கண்ணாடி வழியாகப் பயந்து, பிரார்த்தித்து, வசந்தா வண்டியை ஒழுங்காகத் திருப்பிய நாளில் கட்டைவிரலைக் காட்டியிருக்கிறார்.

"மேடம், இவர் என்னை இப்படிப் பாக்கறதுக்கு ஏதாச்சும் சட்டம் இருக்குதா?" என்று வசந்தா என்னிடம் கேட்டார். ரவி உள்ளேயிருந்து முதலில் சிரித்தார். அப்புறம் தெருவே சிரித்தது. எல்லோருக்கும் காபி போட்டேன். வேறு என்ன செய்வது?

வசந்தா இப்போது லைசென்ஸ் வாங்கி, என்னைப் பின்னால் உட்காரவைத்துத் திருநீர்மலை வரை போய்வருகிறார். ஆனால் என் பெயர் போனது போனதுதான். போன மாதம் அஸ்தினாபுரத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரத்தில் மேடைக்கு முன்னால் போய் நின்றேன். பின்வரிசையிலிருந்து ரவி, மாலதி, வசந்தா மூவரும் ஒரே குரலில், "மேடம், கொஞ்சம் தள்ளுங்க. மறைக்குது!" என்றார்கள்.

திரும்பிப் பார்க்காமல் தள்ளி நின்றேன்.