மருந்தடிக்கக் கூடாத வீடு

"அடிக்காதீங்க!"

கட்டிலின் மேல் ஏறி நின்றபடி சிட்டு போட்ட கூச்சலில், மெக்கானிக் பூச்சி மருந்து டப்பாவும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு கரப்பான்பூச்சி வெளியே வந்துகொண்டிருந்தது. சாதாரணக் கரப்பான் இல்லை. கட்டைவிரல் பருமன், பேருக்குக்கூட இறக்கை கிடையாது, முதுகெல்லாம் பட்டை பட்டையாக ஓடு. சாப்பிட்டுவிட்டுக் காலாற நடக்கப் போகிறவரைப் போல நிதானமாக நடந்து வந்தது.

"மருந்தடிச்சா தரையில படும். மேனேஜர் அதுல நடந்துட்டு கால நக்கும். நக்கினா செத்துப்போயிடும்."

மேனேஜர் என்பது பூனை. நாள் முழுக்க ஒரு வேலையும் செய்யாமல், மற்றவர்கள் செய்வதை மேற்பார்வை பார்ப்பதால் வந்த பெயர். இப்போதும் அது தலையணையில் படுத்தபடி கரப்பானை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

மெக்கானிக் சிலையாக நின்றதற்குக் கரப்பான் மட்டும் காரணமில்லை. சிட்டு அவரிடம் பேசிவிட்டாள். நேராக, அவரைப் பார்த்து, முழு முழு வாக்கியமாக.

சிட்டுவின் அம்மாவை மணந்துகொண்டு அவர் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒன்று நடந்ததில்லை. அவள் மரியாதை தெரியாத பெண் அல்ல. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வாள், ஆனால் அம்மா வழியாக. "அம்மா, அவருக்கு இன்னும் ஒரு கரண்டி வைக்கணுமான்னு கேளு" என்பாள், எதிரில் உட்கார்ந்துகொண்டே. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு மாலை டியூட்டி இருக்கும் நாட்களில் அந்தப் பொறுப்பு பூனைக்குப் போய்விடும்.

"மேனேஜர், ரிமோட் அவர் பக்கத்துல இருக்கு."

மெக்கானிக் ரிமோட்டை எடுத்து மேனேஜர் முன்னால் வைப்பார். மேனேஜர் அதை யாரிடமும் சேர்க்காது. சிட்டுவே வந்து எடுத்துக்கொண்டு போவாள்.

'அப்பா' என்று அவள் கூப்பிட வேண்டும் என்று அவர் ஆசைப்படவில்லை. அந்தப் பதவியில் ஏற்கெனவே ஆள் இருந்தார், கூடத்துச் சுவரில், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நல்ல சிரிப்போடு. போனவரோடு போட்டி போடுகிற அற்பபுத்தி மெக்கானிக்குக்குக் கிடையாது. அங்கிள், சார், ஏய், இந்தாங்க, எதுவானாலும் சரி, ஏதாவது ஒன்று சொல்லி அவள் தன்னைக் கூப்பிட்டால் போதும் என்று இருந்தது அவருக்கு.

அப்படிப்பட்ட மனிதர் இன்று பின்வாங்க முடியுமா? பின்வாங்கத்தான் கால் துடித்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். எத்தனை மாடி உயரத்திலும் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்ப்பார். ஆனால் கரப்பான் என்றால் நடுங்குவார். லிஃப்ட் குழிக்குள் இறங்கும் முன்னால் அவர் ஸ்பேனரால் தகரத்தை நாலு தட்டு தட்டுவார். அது ஏதோ பாதுகாப்பு விதி என்று நினைத்து, கூட வேலை செய்கிறவர்களும் இப்போது தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"டம்ளரப் போட்டு மூடுங்க" என்றாள் சிட்டு. "அப்புறம் அட்டைய அடியில தள்ளுங்க. இங்க இல்ல, அது அங்க போயிடுச்சு. ஐயோ, எனக்குப் பயமா இருக்கு!"

நாற்காலிக்கு அடியில், புத்தகப் பைக்குப் பின்னால், கதவு இடுக்கில் என்று கரப்பான் போக, மெக்கானிக் தரையில் தவழ்ந்து பின்னாலேயே போனார். பிடித்துக் கொண்டுபோய்த் தோட்டத்தில் விட்டுவிட்டுத் திரும்பியபோது சட்டை நனைந்திருந்தது. சிட்டு கட்டிலிலிருந்து இறங்கி அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக் கேட்டாள்.

"நாளைக்கும் வந்தா?"

"நாளைக்கும் நான் இருப்பேன்ல?"

மறுநாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் வந்தது. பிறகு அந்த வாரத்திலேயே இன்னொன்று. எல்லாம் அதே ரகம், அதே நிதானம். மனைவி வீட்டில் இருக்கும்போது ஒன்றும் வராது. மெக்கானிக் வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றியதும் உள்ளறையிலிருந்து அலறல் கேட்கும்.

இது மெக்கானிக்கை உறுத்தியது. தான் போய் நிற்கும்போது ஒழுங்காக ஓடி, கிளம்பியதும் நின்றுவிடுகிற லிஃப்டுகள் அவருக்குப் பழக்கம். இது தலைகீழாக இருந்தது. காரணம் இல்லாமல் பழுது வராது என்பதுதான் அவர் தொழிலில் கற்றுக்கொண்ட ஒரே வேதாந்தம். வருகிற கரப்பானைப் பிடித்துக்கொண்டே இருப்பது, நின்ற லிஃப்டின் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பதற்குச் சமம். குழந்தை பயந்து சாகிறாள், நாம் டம்ளரும் கையுமாகத் திரிவதா? வேரோடு பிடுங்கிவிடுவது என்று முடிவு செய்தார்.

முதலில் பசை அட்டை வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார். மருந்து இல்லை, வாசனை இல்லை, பூனைக்கு ஆபத்தே இல்லை என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை. அன்று மாலையே அதில் மேனேஜர் உட்கார்ந்தது. எழுந்தபோது அட்டையும் கூடவே எழுந்தது. தன்னை ஏதோ பின்னாலிருந்து பிடித்துவிட்டதென்று பயந்த மேனேஜர், பிறந்ததிலிருந்து ஓடாத ஓட்டமெல்லாம் சேர்த்து ஓடியது. திரைச்சீலை விழுந்தது, பூச்சட்டி விழுந்தது, தடுக்கப்போன மெக்கானிக்கும் விழுந்தார்.

"அறிவிருக்கா மேனேஜர் உனக்கு? ஒருத்தர் எதையாவது வெச்சா அதுல போய் உட்காருவியா?" என்று சிட்டு பூனையைத் திட்டினாள். யாரைத் திட்டுகிறாள் என்று மெக்கானிக்குக்குப் புரிந்தது.

சமையல் எண்ணெயைத் தடவித் தடவி இரண்டு பேருமாகப் பசையை எடுத்தார்கள். அவள் பிடித்துக்கொண்டாள், அவர் தடவினார். அவர் கை முழுக்கக் கீறல். பிறகு குளியலறையில் உட்கார்ந்து, எண்ணெயில் ஊறிய மேனேஜருக்கு ஷாம்பு போட்டார்கள். நனைந்ததும் மேனேஜர் பாதியாக இளைத்துப்போய் நின்றதைப் பார்த்து முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. ஆனால் இரண்டு பேரும் சிரித்தார்கள்.

துண்டால் பூனையைத் துடைத்துக்கொண்டே சிட்டு கேட்டாள். "லிஃப்டு கயிறு அறுந்தா கீழ விழுந்துடுமா?"

"ஒரு கயிறு இல்லம்மா, நாலஞ்சு இருக்கும்."

"எல்லாமே அறுந்துட்டா?"

"அப்பவும் விழாது. அடியில ஒரு பிடி இருக்கு. வேகமா இறங்க ஆரம்பிச்சா, அது பக்கத்து இரும்பக் கெட்டியா கவ்விக்கும். அங்கேயே நின்னுடும்."

"எப்பவுமேவா?"

"அதுக்குத்தானே மாசாமாசம் போய்ப் பார்க்கிறோம்."

அவள் பூனையின் காதைத் துடைத்தாள். மெக்கானிக் ஷாம்பு டப்பாவை மூடி வைத்தார். பேசாமல் இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வேலை தெரிந்த மனிதருக்கு விடத் தெரியாதே.

அடுத்து, பூச்சிக்குப் புதினா வாசனை ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மூலைக்கு மூலை புதினா எண்ணெய் தெளித்தார். இயற்கையான பொருள்தானே என்ற தைரியம். மேனேஜர் வரிசையாகத் தும்மிவிட்டு அவருடைய துணி அலமாரிக்குள் குடியேறியது. தன் கண்டனத்தை அவருடைய யூனிஃபார்ம் மேல் பதிவு செய்தது. பூனை டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்தால், எடுத்த பெண்மணி கத்தினாள்.

"எண்ணெயா தெளிச்சீங்க? பூனைக்கு அதுவும் ஆகாதுங்க! மொதல்ல ஜன்னலத் திறந்துட்டு தரையக் கழுவுங்க!"

அன்று லீவு போட்டு, நாள் முழுக்க மெக்கானிக் வீட்டைக் கழுவினார். மாலையில் ஈரம் காய்வதற்குள் அலறல் கேட்டது. டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். அன்றைய கரப்பான் ஜன்னல் திரையில் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவர் தொழில் முறையில் இறங்கினார். டார்ச்சும் கண்ணாடியுமாக வீட்டை அங்குலம் அங்குலமாகச் சோதித்தார். சுவரோரச் சந்து, குழாய் நுழையும் ஓட்டை, கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரியும் இடம் எல்லாவற்றையும் சிலிக்கான் பசையால் அடைத்தார். சமையலறை அலமாரிகளுக்கு அடியில் இருந்த நீளமான இருட்டுச் சந்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. இதுதான் வேர்! ஒரு பலகையை அளவாக அறுத்து, திருகு போட்டு, ஓரமெல்லாம் பசை பூசி, காற்றுகூடப் போகாதபடி மூடினார்.

"மேனேஜர் எங்க?" என்று சிட்டு கேட்டது இரவுச் சாப்பாட்டு நேரத்தில்.

தோட்டத்தில் இல்லை, துணி அலமாரியில் இல்லை. டியூட்டி முடிந்து வந்த மனைவி செருப்பைக் கழற்றிய கையோடு காதைத் தீட்டினாள். பலகைக்குப் பின்னாலிருந்து, மேலதிகாரி ஒருவர் அவமதிக்கப்பட்டால் எப்படிக் குரல் கொடுப்பாரோ அப்படி ஒரு 'மியாவ்' வந்தது.

ஓரத்துப் பசையைச் சுரண்டித் திருகைக் கழற்றவே வெகுநேரம் ஆனது. பூனைக்கு ஒன்றுமில்லை. உள்ளே நன்றாகத் தூங்கி எழுந்திருந்தது. ஆனால் சிட்டு தேம்பித் தேம்பி அழுதாள். பூனையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"லிஃப்டுக்குள்ள மாட்டின ஆளுங்கள வெளிய எடுக்கிறதுதானே உங்க வேலை?" என்றாள் மனைவி. "நீங்களே உள்ள வெச்சு மூடினா எப்படிங்க?"

"அவ நிம்மதியா தூங்கணும்னுதான்..."

"தெரியும். கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் செய்யாம சும்மா இருங்க."

சும்மா இருந்தார். கரப்பானும் வரவில்லை. அடைத்தது வேலை செய்துவிட்டது என்று அவர் மார்தட்டிக்கொண்டிருக்க வேண்டும். முடியவில்லை. மாலையில் வந்து பூட்ஸைக் கழற்றினால் வீடு அமைதியாக இருந்தது. சிட்டு கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். பூனையிடம்கூட எதுவும் சொல்லி அனுப்பவில்லை. டம்ளர் சமையலறையில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு கரப்பானுக்காக ஏங்குகிற நிலைமைக்கு வந்துவிட்டோமே என்று மெக்கானிக் தன்னையே நொந்துகொண்டார். வராத பூச்சிக்காகக் காது கொடுத்துக் காத்திருப்பது வெட்கக்கேடாக இருந்தது. ஆனாலும் காத்திருந்தார்.

பிறகு ஒரு மாலை, அவர் ஒரு பூட்ஸை மட்டும் கழற்றியிருந்தபோது உள்ளறையிலிருந்து குரல் வந்தது. பழைய அலறல் இல்லை, கொஞ்சம் தயக்கமான அலறல்.

"வந்துடுச்சு..."

ஒரு காலில் பூட்ஸோடு ஓடினார். அதே ஓடு, அதே பட்டை. அந்தக் கரப்பானைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம் வந்தது. முன்போலப் பயமில்லை. ஆனால் வேண்டுமென்றே மெதுவாகப் பிடித்தார்.

"அன்னிக்கு மேனேஜர உள்ள வெச்சு மூடினதுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"பரவால்ல. அது தூங்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றாள் சிட்டு.

அதோடு அவர் மனசு லேசாகிவிட்டது. ஆனால் மனசு லேசானதும் மூளை பழைய வேலைக்குத் திரும்பியது. இத்தனை அடைத்தும் இது எந்த வழியாக வந்தது? பழைய ஜாம் பாட்டிலில் கரப்பானைப் போட்டு, மூடியில் துளை போட்டார். அடுத்த தெருவில் மீனும் பறவையும் விற்கிற கடைக்காரருக்குப் பூச்சி விவகாரமெல்லாம் அத்துப்படி என்று கிளினிக்குப் பெண்மணி சொல்லியிருந்தாள்.

"இத அந்தக் கடையில காட்டிட்டு வந்துடறேன். என்ன ஏதுன்னு தெரிஞ்சிட்டா, உனக்கு இனிமே இந்தத் தொல்லையே இருக்காது."

சிட்டுவின் முகம் மாறியது. "வேணாம், கடைக்கெல்லாம் போக வேணாம். தோட்டத்துலயே விட்டுடுங்க."

"பயப்படாதம்மா. இன்னியோட முடிச்சிடலாம்."

"நான்தான் வேணாம்னு சொல்றேன்ல?"

எவ்வளவு நல்ல மனசு, இத்தனை பயத்திலும் நமக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்று நினைக்கிறாளே என்று உருகிப்போய் மெக்கானிக் படியிறங்கினார்.

கடையில் மீன்தொட்டிகள் குமிழி விட்டுக்கொண்டிருந்தன. கடைக்காரர் பாட்டிலை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா கொழுகொழுன்னு இருக்கே. இது நம்ம கடைச் சரக்கு சார். ஓணான், பெரிய பறவைங்க வளர்க்கிறவங்க தீனிக்கு வாங்குவாங்க. தானா எந்த வீட்டுக்கும் வராது. யாராவது கொண்டுபோய் விட்டாத்தான் உண்டு."

"எங்க வீட்டுல ஓணானெல்லாம் இல்லீங்களே. ஒரு பூனை. அப்புறம் ஸ்கூல் போற பொண்ணு ஒருத்தி."

"ஓ, ரெட்டைப் பின்னல் போட்ட பாப்பாவா? அவங்கப்பாவா நீங்க?"

மெக்கானிக் பாட்டிலுக்குள் ஊர்ந்த கரப்பானையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்காரர் மூடியை நன்றாகத் திருகி அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"ஸ்கூல் விட்டு வரும்போது வந்து ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டுப் போகும் சார். எதுக்கும்மா அலையற, மொத்தமா நாலஞ்சு எடுத்துக்கோயேன்னு சொல்லிப் பார்த்தேன். 'ஒண்ணு போதும் அங்கிள், அதப் பிடிக்கவே எங்கப்பாவுக்கு சாயங்காலம் பூரா ஆயிடும்'னு சொல்லிடுச்சு."